ஸ்பின்லாக்கும் மெமரி கிளாபரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் லினக்ஸ் கெர்னல் படிக்கக் கூடுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் கையில் இப்போது ஒரு சின்ன டிரைவர் இருக்கிறது. அரசலாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் தலைமதகில் வைத்த சென்சாரிலிருந்து தண்ணீரின் உயரத்தையும், அது அளக்கப்பட்ட நேரத்தையும் வாங்கி வைப்பது அதன் வேலை. சிபியுவின் ஒரு கோர் எழுதும், இன்னொரு கோர் படிக்கும். இரண்டு எண்ணும் எப்போதும் ஜோடியாக இருக்க வேண்டும். நேரம் புதுசாகவும் உயரம் பழசாகவும் இருந்தால், தண்ணீர் இன்னும் வரவில்லை என்று நம்பி மடையைத் திறந்து வைத்துவிட்டுப் போவார் ஒருவர்; நாற்றங்கால் மூழ்கிவிடும்.

கெர்னலில் தயாராக ஸ்பின்லாக் இருக்கிறது: ஒரு கோர் உள்ளே இருக்கிறவரை இன்னொரு கோரை வெளியே சுற்றிக் காத்திருக்க வைக்கிற பூட்டு. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) லேப்டாப்பில் இன்லைன் அசெம்பிளியில், அதாவது சி கோடுக்கு நடுவே நேரடியாக எழுதுகிற சிபியு கட்டளையில், சொந்தமாக ஒன்று எழுதிப் பார்த்தார்கள். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அதில் பிறந்தவை. கம்பைலர் (சி கோடைச் சிபியு கட்டளையாக மாற்றுகிற நிரல்) என்று நான் சொல்வது ஜிசிசியை. கிளாங்கும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

லாக் சரியாகத்தான் விழுகிறது. இரண்டு கோரும் ஒரே நேரத்தில் உள்ளே போகவே இல்லை. அப்படியும் டேட்டா கெடுகிறதே, எப்படி?

ஏனென்றால் கெட்டது லாக் இல்லை, லாக்குக்கு உள்ளே இருக்க வேண்டிய வேலை வெளியே போய்விட்டது.

நம் டிரைவரையே பார்ப்போம். படிக்கிற ஃபங்ஷன் முதலில் லாக் இல்லாமலே உயரத்தை ஒரு தடவை பார்க்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்பதற்காக. தாண்டியிருந்தால் லாக்கை எடுத்து, உயரத்தையும் நேரத்தையும் மறுபடி படித்து, லாக்கை விடுகிறது. சி கோடில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கம்பைல் ஆன கட்டளைகளைக் காட்டுகிற ஆப்ஜ்டம்ப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி இருக்கிற உயரத்தை ஈடிஎக்ஸ் ரெஜிஸ்டருக்குள் (சிபியுவுக்குள்ளேயே இருக்கிற சின்ன இடம்) ஏற்றுகிற ஒரு மூவ் கட்டளை வருகிறது. அப்புறம் ஒப்பீடு. அப்புறம் லாக்கைப் பிடிக்கிற எக்ஸ்சிஎச்ஜி கட்டளை (ரெஜிஸ்டரில் இருப்பதையும் மெமரியில் இருப்பதையும் ஒரே மூச்சில் மாற்றி வைப்பது). அதற்குப் பிறகு 8 பைட் தள்ளி இருக்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு மூவ். உயரத்துக்கு இரண்டாவது மூவ் இல்லவே இல்லை. முதலில் ஈடிஎக்ஸில் ஏற்றியதையே கம்பைலர் திருப்பிக் கொடுத்துவிட்டது.

லாக்குக்காகக் காத்திருந்த நேரத்தில் எழுதுகிற கோர் உயரத்தை மாற்றியிருக்கும். நம்மிடம் இருப்பதோ பழைய உயரம், புதிய நேரம்.

கம்பைலர் செய்தது தப்பில்லை. அந்த அசெம்பிளித் துண்டு என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது அந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை; நாம் கோலன் போட்டு எழுதுகிற பட்டியலை மட்டும் நம்புகிறது. லாக் சொல் (லாக் பிடிபட்டிருக்கிறதா என்று காட்டுகிற எண்) ஒன்றுதான் மாறும் என்று பட்டியலில் சொன்னோம். உயரம் மாறாது என்று அது முடிவு செய்தது.

சரி, மெமரி கிளாபர் என்றால் துல்லியமாக என்ன?

விரிவான இன்லைன் அசெம்பிளியில் நான்கு பகுதி உண்டு: கட்டளை, வெளியே வருவது, உள்ளே போவது, கடைசியில் கெட்டுப்போவது. இந்தக் கடைசிப் பகுதிதான் கிளாபர் பட்டியல். வழக்கமாக அதில் ரெஜிஸ்டர் பெயர் எழுதுவோம். மேற்கோள் குறிக்குள் மெமரி என்று எழுதினால் அதற்குத் தனி அர்த்தம்: "பட்டியலில் சொல்லாத மெமரியையும் இந்தத் துண்டு படிக்கலாம், எழுதலாம்."

அப்படிச் சொன்னதும் கம்பைலருக்கு இரண்டு கடமை வருகிறது. ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு இன்னும் மெமரியில் எழுதாத மதிப்பு எதாவது இருந்தால், இந்த வரிக்கு முன்னாலேயே எழுதி முடிக்க வேண்டும். வரிக்கு முன்னால் மெமரியிலிருந்து படித்து ரெஜிஸ்டரில் வைத்திருந்ததை, வரிக்குப் பின்னால் நம்பக்கூடாது, திரும்பப் படிக்க வேண்டும். மெமரியைத் தொடுகிற எந்த வேலையும் இந்தக் கோட்டைத் தாண்டி மேலேயோ கீழேயோ போகக்கூடாது.

நம் லாக்கில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கம்பைல் செய்ததும் எக்ஸ்சிஎச்ஜிக்குப் பிறகு இரண்டு மூவ் வந்தது. கூடுதலாகச் சேர்ந்த கட்டளை உயரத்துக்கான அந்த ஒரு மூவ்தான்.

கெர்னலில் பேரியர் என்று ஒரு மேக்ரோ இருக்கிறதே, அது?

அது இதேதான், கட்டளை இல்லாமல். அசம் வாலடைல் என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் எதுவும் எழுதாமல், மூன்று கோலன் போட்டு, கடைசியில் மெமரி. சிபியுவுக்கு ஒரு பைட் கட்டளைகூடப் போகாது.

வாலடைல் போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அசம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருகிற வாலடைல், அந்தத் துண்டைப் பற்றிய வாக்குறுதி. இதன் விளைவு யாருக்கும் தேவைப்படாதது போலத் தெரிந்தாலும் தூக்கி எறியாதே என்பது அதன் பொருள். மற்ற வாலடைல் துண்டுகளோடும் வாலடைல் அணுகலோடும் அதன் வரிசை காப்பாற்றப்படும். ஆனால் சுற்றி இருக்கிற சாதாரண சி கோடு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. உயரமும் நேரமும் சாதாரண மாறிகள். அவை வாலடைல் வரியைத் தாராளமாகத் தாண்டும். நம் ஆப்ஜ்டம்பில் நடந்ததும் இதுதான்; அந்த லாக்கில் வாலடைல் இருந்தது, மெமரி இல்லை.

அப்படியானால் உயரத்தையும் நேரத்தையும் வாலடைலாக அறிவித்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். கெர்னலில் அந்தப் பழக்கம் வேண்டாம். கெர்னல் ஆவணங்களிலேயே வாலடைலைத் தவிர்க்கச் சொல்லித் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. லாக்குக்கு உள்ளே இருக்கும்போது அந்த மாறியை வேறு யாரும் தொட மாட்டார்கள். அங்கே கம்பைலர் எப்படி வேண்டுமானாலும் சுருக்கி எழுதட்டும், அது நல்லதுதான். நமக்குத் தடை வேண்டியது லாக்கின் இரண்டு எல்லையில் மட்டும்.

லாக் சொல்லை ப்ளஸ் எம் என்று ஆபரண்டாகக் கொடுத்திருக்கிறேன். அது மெமரிதானே?

ப்ளஸ் எம் என்றால் மெமரியில் இருக்கிற இதைப் படிக்கவும் செய்வேன், எழுதவும் செய்வேன் என்று பொருள்; ஆனால் அந்த நான்கு பைட்டுக்கு மட்டும். லாக் எதைக் காக்கிறதோ அந்த டேட்டா வேறு முகவரியில் இருக்கிறது, அது பட்டியலில் இல்லை. லாக் எழுதுகிறவருக்கு நாளைக்கு யார் எந்த டேட்டாவை இதன் கீழ் வைப்பார்கள் என்று தெரியவும் தெரியாது. அதனால்தான் "மெமரி முழுவதும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ப்ளஸ் எம் இருக்கட்டும், அதுவும் தேவை.

மெமரி கிளாபர் போட்டால் சிபியுவும் வரிசையை மாற்றாதா?

மாற்றும். மெமரி கிளாபர் கம்பைலரோடு மட்டும் பேசுகிறது. கம்பைல் ஆகி முடிந்த பிறகு அந்த வார்த்தை பைனரியில் எங்கேயும் இல்லை. ஜிசிசி கையேடே இதை வெளிப்படையாகச் சொல்கிறது: அந்த வரியைத் தாண்டிச் சிபியு முன்கூட்டியே படிப்பதை இது தடுக்காது.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மதகை எப்போது திறந்தார்கள் என்று பதிவேட்டில் வரிசையாக இருக்கும். கடைமடைக்காரர் எந்த வாய்க்காலில் முதலில் தண்ணீரைப் பார்ப்பார் என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை. கம்பைலர் எழுதித் தருகிற வரிசை பதிவேடு. இன்னொரு கோர் எந்த வரிசையில் பார்க்கிறது என்பது சிபியுவின் ஸ்டோர் பஃபர் (எழுதியது மெமரிக்குப் போகும் முன் தங்குகிற இடம்), முன்கூட்டிய வாசிப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது.

ஆக லாக்குக்கு இரண்டும் வேண்டும். கம்பைலருக்கு மெமரி கிளாபர், சிபியுவுக்குத் தகுந்த கட்டளை. எக்ஸ்86-ல் மெமரியைத் தொடுகிற எக்ஸ்சிஎச்ஜி, லாக் முன்னொட்டு எழுதாமலே பூட்டிக்கொண்டு ஓடும். முழு மெமரி பேரியராகவும் இருக்கும். அதனால் நம் பிள்ளைகளின் லாக்கில் சிபியு பக்கம் தானாகவே சரியாக இருந்தது, கம்பைலர் பக்கம்தான் ஓட்டை. தலைகீழாகவும் நடக்கலாம், அதைக் கீழே ஏஆர்எம் கேள்வியில் பாருங்கள்.

எக்ஸ்86-ல் லாக்கை விடுவதற்கு வெறும் மூவ் போதும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. இது 1999-ல் கெர்னல் டெவலப்பர்களுக்கு நடுவே பெரிய விவாதமாக ஓடியது. அன்றைக்கு லாக்கை விடுவதற்கு லாக் முன்னொட்டுடன் பிடிஆர் கட்டளை (ஒரு பிட்டைப் பூஜ்யமாக்குவது) இருந்தது. அதைச் சாதாரண மூவ் ஆக்கினால் 22 டிக் (சிபியு கடிகாரத் துடிப்பு) ஆகிற வேலை 1 டிக்கில் முடியும் என்று ஒரு யோசனை வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் அது சரிவராது என்றார். இன்டெல்லில் இருந்த ஒரு பொறியாளர் எக்ஸ்86-ன் வரிசை விதியை விளக்கிய பிறகு ஏற்றுக்கொண்டார். அந்தச் சிப்பில் ஒரு ஸ்டோர் (மெமரியில் எழுதுவது), தனக்கு முந்தைய லோடையோ (மெமரியிலிருந்து படிப்பது) ஸ்டோரையோ தாண்டி முன்னால் போவதில்லை. பின்னால் வருகிற லோட் மட்டும் முந்தைய ஸ்டோரைத் தாண்டலாம். லாக்கை விடும்போது அதனால் கெடுதல் இல்லை. பென்டியம் ப்ரோ சிப்பில் இருந்த பிழைக்காகத் தனி ஏற்பாடு ஒன்று பல வருடம் கெர்னலில் இருந்தது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்போ சி-யிலேயே லாக் சமம் பூஜ்யம் என்று எழுதிவிடலாம்" என்று போகாதீர்கள். மூவ் போதும் என்பது சிபியுவுக்கு. கம்பைலர் அந்தப் பூஜ்யத்தை முதலில் எழுதிவிட்டு, உயரத்தை அதற்குப் பிறகு எழுதலாம். அதற்கு இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு மாறி. இன்றைய எக்ஸ்86 கெர்னலில் ஸ்டோர் ரிலீஸ் (லாக்கை விடும்போது எழுதுகிற முறை) என்பது முதலில் ஒரு கம்பைலர் பேரியர், அதற்குப் பின் ரைட் ஒன்ஸ் (அந்த ஒரு மாறியை அந்த இடத்திலேயே ஒரு தடவை எழுதச் செய்கிற மேக்ரோ), அவ்வளவுதான். 2015-ல் 4.2 பதிப்பில் எக்ஸ்86-க்கு வந்த க்யூ ஸ்பின்லாக் (காத்திருக்கிற கோர்களை வரிசையில் நிறுத்துகிற வகை) இப்படித்தான் விடுபடுகிறது. சிபியுவுக்கு எதுவுமே சொல்லத் தேவையில்லாத இடத்திலும் கம்பைலருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் போர்டில் ஒரே ஒரு கோர். அங்கே லாக்கே தேவையில்லை, பேரியரும் தேவையில்லைதானே?

லாக் சொல் தேவையில்லை. கம்பைலர் பேரியர் தேவை.

ஒரே கோரில், பிரீஎம்ப்ஷன் (ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்கு மாறுவது) இல்லாத கெர்னலில் ஸ்பின்லாக் எடுப்பது ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும். ஒரு காலத்தில் நிஜமாகவே ஒன்றுமில்லாமல், பேரியர்கூட இல்லாமல் கரைந்தது. 2013-ல் லினஸ் அதைத் திருத்தினார். சிக்கல் இதுதான்: யூசர் ஸ்பேஸிலிருந்து (சாதாரண நிரல்களின் மெமரி) ஒரு மதிப்பை எடுக்கிற வரி, லாக்குக்கு வெளியே எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் தடை எதுவும் இல்லாததால் கம்பைலர் அதை லாக்குக்குள்ளே நகர்த்திவிடலாம். அந்த வரியில் பேஜ் ஃபால்ட் (கேட்ட பக்கம் மெமரியில் தயாராக இல்லாத நிலை) வந்தால் கெர்னல் வேறு வேலைக்கு மாறும். வேறு வேலைக்கு மாறவே கூடாது என்று நாம் நினைத்த இடத்தில் மாறிவிடும். அதற்குப் பிறகு ஸ்பின்லாக்கும் பிரீஎம்ப்ட் டிசேபிளும் எந்தக் கட்டமைப்பிலும் குறைந்தபட்சம் ஒரு கம்பைலர் பேரியராக இருக்கும்.

இன்டரப்ட் ஹேண்ட்லரும் (சாதனம் குறுக்கிட்டுக் கூப்பிட்டதும் ஓடுகிற கோடு) இதே வகை. ஒரே கோரில் ஓடுகிற கோடும் அதே கோரில் வருகிற இன்டரப்டும் டேட்டாவைப் பகிரும்போது கம்பைலர் பேரியர் போதும். ஒரு கோருக்குத் தன்னுடைய வேலை எப்போதும் வரிசையாகத்தான் தெரியும். ஆனால் இன்டரப்ட் ஹேண்ட்லர் அதே ஸ்பின்லாக்கை எடுக்கிறது என்றால், வெளியே இன்டரப்டை நிறுத்திவிட்டு எடுக்கிற வகையைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் லாக்கைக் கையில் வைத்திருக்கிற கோரே அதே லாக்குக்காகச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

லேப்டாப்பில் ஓடியது, ராஸ்பெர்ரி பை 4-ல் கெடுகிறது. மெமரி கிளாபர் இருக்கிறது. என்ன விட்டுப்போனது?

சிபியு பக்கம். ராஸ்பெர்ரி பை 4-ல் இருப்பது நான்கு கார்டெக்ஸ் ஏ72 கோர், ஏஆர்எம் வகை. ஏஆர்எம் விதிப்படி, சம்பந்தமில்லாத இரண்டு முகவரிக்கான லோடும் ஸ்டோரும் எப்படி வேண்டுமானாலும் முன்பின்னாகலாம். பிள்ளைகள் அங்கே எல்டிஎக்ஸ்ஆர் (லோட்), எஸ்டிஎக்ஸ்ஆர் (ஸ்டோர்) ஜோடியை வைத்து லாக் எழுதி, சாதாரண ஸ்டோரான எஸ்டிஆரில் விட்டிருந்தார்கள். அந்த ஜோடி லாக் சொல்லை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்; மற்ற முகவரிகளின் வரிசையைப் பற்றி எதுவும் சொல்லாது. லாக் எடுக்கும் லோடு எல்டிஏஎக்ஸ்ஆர் ஆக வேண்டும், விடுகிற ஸ்டோர் எஸ்டிஎல்ஆர் ஆக வேண்டும். முன்னது அக்வயர்: தனக்குப் பின்னால் இருக்கிற எதையும் முன்னால் போக விடாது. பின்னது ரிலீஸ்: தனக்கு முன்னால் இருக்கிற எதையும் பின்னால் நழுவ விடாது. ஆக உள்ளே இருப்பது வெளியே கசியாது. வெளியே இருப்பது உள்ளே வரலாம், அது பரவாயில்லை.

ரிஸ்க்-ஃபைவ் போர்டில் இதே வேலைக்கு ஃபென்ஸ் கட்டளையோ, அட்டாமிக் கட்டளையின் அக்வயர், ரிலீஸ் பிட்டோ இருக்கிறது.

எக்ஸ்86-ல் மட்டும் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தச் சிப் மிகவும் தாராளமானது, பாதிப் பிழையை மறைத்துவிடும். இரண்டாயிரம், மூவாயிரம் தடவை ஓடியதும் சான்று இல்லை.

லோக்கல் மாறிகளையும் மெமரி கிளாபர் கட்டுப்படுத்துமா?

அதன் முகவரி வெளியே போயிருந்தால் மட்டும். ஒரு லோக்கல் மாறியின் முகவரியை யாருக்கும் கொடுக்கவில்லை என்றால், வேறு யாரும் அதைத் தொட வழியில்லை என்று கம்பைலருக்குத் தெரியும். அது ரெஜிஸ்டரிலேயே நிம்மதியாக இருக்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான்.

இடறுவது ரகசியச் சாவியைத் துடைக்கிற இடத்தில். ஸ்டேக்கில் இருக்கிற பஃபரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஃபங்ஷன் முடிகிறது. இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று கம்பைலர் அந்தத் துடைப்பையே நீக்கிவிடலாம். பின்னால் வெறும் பேரியர் வைத்தாலும் நீக்கலாம். 2015-ல் கெர்னல் இதற்காகத் தனி மேக்ரோ சேர்த்தது: காலியான அதே அசெம்பிளி, ஆனால் பஃபரின் முகவரியை உள்ளே போகிற ஆபரண்டாகக் கொடுக்கிறது, மெமரி கிளாபரும் இருக்கிறது. முகவரி உள்ளே போனதும் கம்பைலர் வாயை மூடிக்கொண்டு பூஜ்யத்தை எழுதுகிறது.

வேகம் குறையுமா?

கொஞ்சம். ரெஜிஸ்டரில் இருந்ததைத் திரும்பப் படிக்க வேண்டும், பெரும்பாலும் அது எல்1 கேஷிலேயே (கோருக்கு மிக அருகில் இருக்கிற வேகமான மெமரி) கிடைக்கும். லாக் கட்டளையின் செலவுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. ஒரே ஒரு மாறிக்காகக் கவலைப்படுகிறீர்கள், லாக் சம்பந்தமில்லை என்றால் ரீட் ஒன்ஸ் (அந்த மாறியை அந்த இடத்திலேயே மெமரியிலிருந்து படிக்கச் செய்கிற மேக்ரோ), ரைட் ஒன்ஸ் போதும். மெமரி முழுவதையும் கலைக்க வேண்டாம்.

நம் டிரைவரில் லாக்குக்கு முன்னால் உயரத்தை எட்டிப் பார்க்கிற வரி இருக்கிறதே, அதை ரீட் ஒன்ஸ் ஆக்க வேண்டும். லாக் சரியான பிறகும் அது தேவை, ஏனென்றால் அந்தப் பார்வை லாக் இல்லாமல் நடக்கிறது. எழுதுகிற பக்கத்தில் உயரத்துக்கு ரைட் ஒன்ஸ். 2020-ல் 5.8 பதிப்பில் வந்த, ஒரே டேட்டாவை இரண்டு பேர் தடையில்லாமல் தொடுவதைக் கண்டுபிடிக்கிற கேசிசான் கருவியை ஓடவிட்டால் இந்த மாதிரி வரிகளைக் காட்டிக்கொடுக்கும்.

லாக்குக்காகச் சுற்றுகிற லூப் சில சமயம் முடிவதே இல்லை.

லூப்புக்குள் லாக் சொல்லைச் சாதாரணமாகப் படிக்கிறீர்கள். அது மாறாது என்று கம்பைலர் நினைத்து, வெளியே ஒரு தடவை படித்துவிட்டு, உள்ளே சும்மா சுற்றவிடுகிறது. ரீட் ஒன்ஸ் போடுங்கள். உள்ளே சிபியு ரிலாக்ஸ் மேக்ரோவையும் வையுங்கள். எக்ஸ்86-ல் அது பாஸ் கட்டளை, அதோடு மெமரி கிளாபரும் இருக்கிறது.

லாக் ஃபங்ஷனைத் தனி அசெம்பிளி ஃபைலில் எழுதிக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லையாமே?

உண்மைதான், தொல்லை இல்லை. உள்ளே பார்க்க முடியாத ஃபங்ஷன் எந்த மெமரியையும் மாற்றியிருக்கலாம் என்றுதான் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். பேரியர் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதே ஃபங்ஷனை நாளைக்கு யாராவது ஹெடர் ஃபைலில் இன்லைன் ஆக்கினால் அந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் போய்விடும். அதனால் இன்லைன் வடிவத்தில் கிளாபரை எழுதியே வையுங்கள்.

என் கோடில் இந்தப் பிழை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஓட்டிப் பார்ப்பதைவிடப் படித்துப் பார்ப்பது நல்லது. முதலில் உங்கள் சோர்ஸில் அசம் வருகிற இடத்தையெல்லாம் கிரெப் போட்டு எடுங்கள். லாக் எடுப்பது, விடுவது, ஃபிளாக் ஏற்றுவது என்று வரிசை முக்கியமான ஒவ்வொன்றிலும் நான்காவது பகுதியில் மெமரி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்த ஃபங்ஷனை ஆப்ஜ்டம்பில் விரித்து, லாக் கட்டளைக்கும் விடுகிற கட்டளைக்கும் நடுவில், காக்க வேண்டிய ஒவ்வொரு மாறிக்கும் லோடோ ஸ்டோரோ இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். கெர்னல் கம்பைல் ஆகிற அதே ஓ2 ஆப்டிமைசேஷன் (கம்பைலர் கோடைச் சுருக்கி வேகமாக்குவது) அளவில் பாருங்கள். ஆப்டிமைசேஷனை அணைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

சரியாக இருந்தாலும் அது அந்தக் கம்பைலர் பதிப்பு, அந்தக் கோடு இரண்டுக்கும் மட்டும்தான் சான்று. கிளாபர் இல்லாமல் தற்செயலாகச் சரியாக வந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு வரி மாறினால் போதும், மூவ் நகர்ந்துவிடும். அதனால் ஆப்ஜ்டம்ப் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கிளாபர் இல்லாத பேட்சைக் கொண்டுவந்தால் நான் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் எங்கள் லாக்கையே டிரைவரில் வைக்கலாமா?

வேண்டாம். கற்றுக்கொள்ள எழுதியது தனி ரெப்போவில் இருக்கட்டும். வாய்க்காலுக்குப் போகிற டிரைவரில் கெர்னலின் ஸ்பின்லாக்கைப் போடுங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் எந்தக் கட்டளை, எந்தக் கிளாபர் என்பதை அது ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறது. லாக்கை எடுக்கிற வரிசையில் தப்பைக் கண்டுபிடிக்கிற லாக்டெப் கருவியும் கெர்னலின் லாக்குகளைத்தான் கண்காணிக்கும், நீங்கள் எழுதியது அதன் கண்ணுக்கே தெரியாது.